நீரில் யாருக்கு முதல் வழி?

மாலை ஐந்தரை மணி. ஜார்ஜ்டவுனில் உள்ள ராஜா துன் ஊடா படகுத்துறையிலிருந்து ஃபெரி ஒன்று பட்டர்வொர்த்தை நோக்கிப் புறப்படுகிறது. வேலை முடிந்து வீடு திரும்புவோர் கைப்பேசியில் மூழ்கியிருக்கின்றனர். மோட்டார் சைக்கிளில் வந்த சிலர் தலைக்கவசத்தைக்கூடக் கழற்றவில்லை. சிறிது நேரத்தில் அக்கரை வந்துவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும். கடலை உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் சுக்கான் அறையில் இருப்பவர்கள் மட்டுமே. அவர்களுக்கு இடப்பக்கத்தில், வடக்கிலிருந்து ஒரு சரக்குக் கப்பல் பிறைத் துறையை நோக்கி இறங்கி வருகிறது. வலப்பக்கத்தில், பினாங்குப் பாலம் தெரியும் திசையில், இரண்டு மீன்பிடிப் படகுகள் மிதக்கின்றன.

சாலையாக இருந்தால் இங்கே ஒரு முச்சந்தி இருக்கும். சமிக்ஞை விளக்கு இருக்கும். தரையில் வெள்ளைக் கோடு இருக்கும். கடலில் கோடு போட முடியாது. மிதித்தவுடன் நிற்கும் பிரேக்கும் எந்தக் கப்பலிலும் இல்லை. அப்படியானால், இந்த நான்கு கலங்களில் யார் முதலில் போவது? யார் ஒதுங்குவது? அதை யார் முடிவு செய்வது?

பினாங்குத் தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடைப்பட்ட நீரிணை, குறுகிய இடத்தில் ஏறக்குறைய 3 கிலோமீட்டர் அகலம் உடையது. அதன் குறுக்கே 1890-களிலிருந்தே ஃபெரிகள் சென்று வருகின்றன. 1985-இல் பினாங்குப் பாலமும் 2014-இல் இரண்டாவது பாலமும் திறக்கப்பட்ட பின்னரும் ஃபெரி நிற்கவில்லை. 2023 ஆகஸ்டு முதல் நான்கு புதிய ஃபெரிகள் ஓடுகின்றன. ஒவ்வொன்றும் 250 பயணிகளையும் 50 மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றவல்லது. இவை இரட்டை உடல் கொண்ட 'கேட்டமரன்' வகைக் கலங்கள். அந்தச் சொல் நம் 'கட்டுமரம்' ஆங்கிலத்துக்குப் போய்த் திரும்பி வந்த வடிவம்தான். தெலுக் பாஹாங், தெலுக் கும்பார் என்று இரண்டு ஃபெரிகளுக்குத் தீவின் மீனவக் கிராமங்களின் பெயர்களையே சூட்டியிருக்கிறார்கள்.

ஆக, ஃபெரிகள் நீரிணையைக் குறுக்கே கடக்கின்றன; பெரிய கப்பல்களோ அதன் நெடுக்கே செல்கின்றன. மீனவர்கள் தங்கள் வலை இருக்கும் பக்கம் செல்கிறார்கள். இத்தனை பேரும் நாள்தோறும் மோதாமல் போய்வருவது தற்செயலாக நடப்பதன்று.

நீராவிக் கப்பல்கள் பெருகிய 19-ஆம் நூற்றாண்டில்தான் இதற்கு எழுதப்பட்ட விதிகள் தேவைப்பட்டன. பாய்மரக் கப்பல் காற்றைச் சார்ந்தே போகும். அதன் போக்கை ஓரளவு ஊகிக்கலாம். நீராவிக் கப்பல் எத்திசையிலும் திரும்பும், வேகமாகவும் வரும். 1840-இல் இலண்டனில் சில விதிகள் வகுக்கப்பட்டன. 1863-இல் பிரிட்டனும் பிரான்சும் சேர்ந்து பொது விதிகளை உருவாக்க, பல நாடுகள் அவற்றை ஏற்றன. இன்று உலகெங்கும் நடப்பில் இருப்பவை, கடலில் மோதல்களைத் தடுப்பதற்கான அனைத்துலக விதிமுறைகள். 1972 அக்டோபர் 20 அன்று இலண்டனில் ஏற்கப்பட்டு, 1977 ஜூலை 15 முதல் நடைமுறைக்கு வந்தவை அவை. மலேசியாவும் அவற்றை ஏற்றுள்ளது. நம் நாட்டுக் கப்பல் பாதுகாப்பைக் கவனிப்பது மலேசியக் கடல்துறை. கொரியக் கப்பலின் தலைவரும் பினாங்குப் படகோட்டியும் ஒருவர் மொழியை ஒருவர் அறியாமல் இருக்கலாம். ஆயினும் ஒருவர் கலம் எப்பக்கம் திரும்பும் என்பதை மற்றவர் அறிவார். அதற்குத்தான் இந்த விதிகள்.

இயந்திரத்தால் இயங்கும் இரு கலங்கள் மூன்று வகையில் சந்திக்கலாம். நேருக்கு நேர் வந்தால் இரண்டுமே வலப்பக்கம் திரும்ப வேண்டும். அப்போது ஒன்றின் இடப்பக்கத்தை மற்றதன் இடப்பக்கம் கடந்து செல்லும். மலேசியச் சாலையில் இடப்பக்கமாக ஓட்டிப் பழகியவர்களுக்கு இது சற்றுக் குழப்பமாகவே இருக்கும். கடலுக்கு நாட்டுக்கு நாடு வேறு வழக்கம் கிடையாது.

பின்னாலிருந்து முந்தும்போது, முந்துகிற கலமே விலகிப் போக வேண்டும். அது எவ்வளவு பெரியதாயினும் சரி, முன்னால் போவது சிறு படகாயினும் சரி. பாய்மரப் படகு ஒன்று நல்ல காற்றில் மோட்டார் படகை முந்தினாலும், விலக வேண்டியது பாய்மரப் படகுதான். முழுவதும் கடந்து, பாதுகாப்பான தூரம் விட்ட பிறகே அந்தப் பொறுப்பு நீங்கும்.

மூன்றாவது வகைதான் பினாங்கு நீரிணையில் அன்றாடம் நிகழ்வது: ஒன்றன் பாதையை மற்றொன்று குறுக்கே வெட்டுவது. இதற்கான விதி சுருக்கமானது. எந்தக் கலத்துக்கு வலப்பக்கத்தில் மற்றொரு கலம் வருகிறதோ, அந்தக் கலம் வழிவிட வேண்டும். இயன்றவரை மற்றதன் முன்னால் குறுக்கிடாமல், அதன் பின்புறமாகச் செல்ல வேண்டும்.

இதை நம் ஃபெரியில் பொருத்திப் பார்க்கலாம். ஃபெரி ஜார்ஜ்டவுனிலிருந்து தென்கிழக்காகச் செல்கிறது. வடக்கிலிருந்து வரும் கப்பல் அதன் இடப்பக்கத்தில் இருக்கிறது. அந்தக் கப்பலில் நிற்பவருக்கோ ஃபெரி வலப்பக்கத்தில் தெரிகிறது. எனவே வழிவிட வேண்டியது கப்பல். அதே ஃபெரி பட்டர்வொர்த்திலிருந்து திரும்பும்போது வடமேற்காக வருகிறது. அப்போது வடக்கிலிருந்து வேறொரு கப்பல் வந்தால், அது ஃபெரியின் வலப்பக்கத்தில் இருக்கும். இப்போது வழிவிட வேண்டியது ஃபெரி. நீரிணையும் ஃபெரியும் அவைதாம். பயணத்தின் திசை மாறியதால் கடமையும் கை மாறிவிட்டது.

இரவில் இந்த விதியை விளக்குகளே சொல்லிக் கொடுக்கும். ஒவ்வொரு கலமும் இடப்பக்கம் சிவப்பு விளக்கும், வலப்பக்கம் பச்சை விளக்கும், பின்புறம் வெள்ளை விளக்கும் ஏற்றியிருக்கும். வலப்பக்கத்திலிருந்து குறுக்கே வரும் கலம் தன் இடப்பக்கத்தைத்தான் நமக்குக் காட்டும். அதாவது, நம் கண்ணில் படுவது சிவப்பு. சாலையைப் போலவே சிவப்பைக் காண்பவர் வழிவிட வேண்டும். அதே வேளையில் நம் வலப்பக்கத்துப் பச்சை விளக்கு அவருக்குத் தெரியும். சிவப்பும் பச்சையும் ஒருசேரத் தெரிந்தால் கலம் நேராக நம்மை நோக்கி வருகிறது என்று பொருள். வெள்ளை விளக்கு மட்டும் தெரிந்தால் பெரும்பாலும் நாம் அதன் பின்னால் இருக்கிறோம். எவர் இதை முதலில் அமைத்தாரோ, அவர் நன்றாகவே யோசித்திருக்கிறார்.

மோதும் அபாயம் இருக்கிறதா என்பதை எப்படி அறிவது? சுக்கான் அறையில் திசைகாட்டியும் ராடாரும் இருக்கின்றன. பயணிகள் வெறுங்கண்ணாலேயே சோதிக்கலாம். ஃபெரி நேராகச் செல்லும்போது, ஓரிடத்தில் அசையாமல் நின்று, தொலைவில் வரும் கப்பலைக் கைப்பிடிக் கம்பி ஒன்றுக்கு நேராக வைத்துப் பாருங்கள். சிறிது நேரத்தில் கப்பல் கம்பியைவிட்டு ஃபெரியின் முன்பக்கமாக நகர்ந்தால், அது முன்னால் கடந்து போகும். பின்பக்கமாக நகர்ந்தால், நமக்குப் பின்னால் போகும். கம்பியைவிட்டு நகராமல் உருவம் மட்டும் பெரிதாகிக்கொண்டே வந்தால், இரண்டும் ஒரே புள்ளியை நோக்கிப் போகின்றன. நகராத பொருள் ஆபத்தற்றது என்று தரையில் பழகிய கண் நினைக்கும். கடலில் அதுதான் ஆபத்தானது. மிகப் பெரிய கப்பல் மிக அருகில் இருந்தால், சற்று நகர்வதுபோல் தெரிந்தாலும் அபாயம் நீங்கிவிட்டதாகக் கொள்ளக்கூடாது என்றும் விதி எச்சரிக்கிறது.

வழிவிடாத கலத்தின் கடமை

வழிவிட வேண்டிய கலம் ஒதுங்குகிறது. அப்படியானால் மற்றக் கலத்துக்கு வேலை ஏதும் இல்லையா? இந்த இடத்தில்தான் பலர் தவறாகப் புரிந்துகொள்கின்றனர். 'எனக்கு வழியுரிமை இருக்கிறது' என்று சாலையில் பேசுவதைப்போலக் கடலில் பேச முடியாது. விதிமுறைகள் இரு கலங்களுக்கும் கடமையையே தருகின்றன. ஒன்றின் கடமை விலகுவது. மற்றதன் கடமை, திசையும் வேகமும் மாறாமல் செல்வது.

மாறாமல் செல்வது ஏன் ஒரு கடமை ஆகிறது? ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவின் ஐந்தடி நடைபாதையில் எதிரெதிரே வரும் இருவரை நினைத்துப் பார்க்கலாம். ஒருவர் இடப்பக்கம் ஒதுங்க, மற்றவரும் அதே பக்கம் ஒதுங்குவார். சிரித்துக்கொண்டே இருவரும் மறுபக்கம் மாறுவார்கள், மீண்டும் முட்டிக்கொள்வார்கள். நடைபாதையில் இது வேடிக்கை. ஆயிரக்கணக்கான டன் எடையுள்ள இரு கப்பல்கள் இப்படி மாறி மாறி ஒதுங்கினால், திருத்திக்கொள்ள நேரம் இருக்காது. ஒருவர் மாறாமல் நின்றால்தான் மற்றவர் அவரைச் சுற்றிப் போக முடியும். விலகுபவரும் அரைகுறையாகத் திரும்பக்கூடாது. முன்கூட்டியே, மற்றவர் கண்ணுக்கு ஐயமின்றித் தெரியும் அளவுக்குத் திரும்ப வேண்டும்.

சரி, விலக வேண்டியவர் விலகவில்லை என்றால்? அப்போது 'தவறு அவருடையதுதானே' என்று நேராகப் போய்க்கொண்டிருக்க விதி அனுமதிக்கவில்லை. அவர் உரிய நடவடிக்கை எடுக்கவில்லை என்று தெரிந்ததும் மற்றவர் தானாக விலகலாம். அவர் மட்டும் முயன்றால் மோதலைத் தவிர்க்க முடியாது என்ற அளவுக்கு நெருங்கிவிட்டால், கட்டாயமாக விலக வேண்டும்.

2017 ஜூன் 17 அன்று நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணியளவில், ஜப்பான் கரைக்கு அப்பால் அமெரிக்கப் போர்க்கப்பல் ஃபிட்ஸ்ஜெரால்டும் ஏசிஎக்ஸ் கிறிஸ்டல் என்ற சரக்குக் கப்பலும் மோதிக்கொண்டன. சரக்குக் கப்பல் போர்க்கப்பலின் வலப்பக்கத்திலிருந்து வந்தது. ஆகவே விலக வேண்டியது போர்க்கப்பல். அது உரிய நேரத்தில் விலகவில்லை. சரக்குக் கப்பலில் காவலில் இருந்த அதிகாரியின் நடவடிக்கையும் போதுமானதாக இல்லை என்று அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் பின்னர்க் கூறியது. போர்க்கப்பலின் படுக்கையறைப் பகுதிக்குள் கடல்நீர் புகுந்து, ஏழு மாலுமிகள் இறந்தனர். இரு கப்பல்களிலும் ராடார் இருந்தது. பயிற்சி பெற்ற அதிகாரிகளும் இருந்தனர்.

மோதலின் விளைவு கப்பலில் இருப்பவர்களோடு முடிந்துவிடுவதும் இல்லை. அதே ஆண்டு ஜனவரி 28 அன்று, சென்னைக்கு வடக்கே எண்ணூர்க் காமராஜர் துறைமுகத்துக்கு அருகில், உள்ளே வந்துகொண்டிருந்த டான் காஞ்சிபுரம் என்ற எண்ணெய்க் கப்பலும் வெளியே சென்றுகொண்டிருந்த பிடபிள்யூ மேப்பிள் என்ற எரிவாயுக் கப்பலும் விடியலுக்கு முன் மோதின. உயிரிழப்பு இல்லை. ஆனால் கசிந்த எண்ணெய் கரையெங்கும் ஒதுங்கியது. மீனவர்களும் மாணவர்களும் கடலோரக் காவல் படையினரும் அந்தக் கரிய குழம்பை வாளி வாளியாகக் கையால் அள்ளினர். மீன் வாங்க ஆளில்லாமல் மீனவர்களின் பிழைப்பும் கெட்டது.

சிறிய படகும் பெரிய கப்பலும்

இனி, நீரிணையின் தெற்கே மிதக்கும் அந்த இரண்டு மீன்பிடிப் படகுகளுக்கு வருவோம். மீன்பிடித்துக்கொண்டிருக்கும் படகுக்கு இயந்திரக் கலங்கள் வழிவிட வேண்டும் என்பது விதி. வலை நீரில் கிடக்கும்போது படகு நினைத்தபடி திரும்ப முடியாது. ஆனால் வலையைச் சுருட்டிப் படகில் போட்டுவிட்டுப் பாத்து மாவுங்குக்கோ தெலுக் கும்பாருக்கோ திரும்பும் படகு, விதியின் கண்ணில் மீன்பிடிப் படகு அன்று. அது வெறும் மோட்டார் படகு. மற்ற மோட்டார் படகுகளுக்கு உள்ள கடமை முழுவதும் அதற்கும் உண்டு.

இன்னொரு விதிவிலக்கும் உண்டு. அது பினாங்கில் மிக முக்கியமானது. கப்பலின் அடிப்பகுதி நீருக்குள் ஆழமாக இறங்கியிருக்கும். நீரிணையில் எல்லா இடத்திலும் ஆழம் ஒன்றுபோல் இல்லை. பெரிய கப்பல் ஆழமான கால்வாயைவிட்டு ஒதுங்கினால் தரை தட்டிவிடும். ஆகவே, குறுகிய கால்வாய்க்குள் மட்டுமே பாதுகாப்பாகச் செல்லக்கூடிய கலத்துக்கு 20 மீட்டருக்குக் குறைந்த நீளமுள்ள படகுகளும், பாய்மரப் படகுகளும், மீன்பிடித்துக்கொண்டிருக்கும் படகுகளும் இடையூறு செய்யக்கூடாது. கால்வாயைக் குறுக்கே கடப்பவர்களும் அப்படிப்பட்ட கலத்தைத் தடுக்கும் வகையில் கடக்கக்கூடாது. ஃபெரிக்கும் இது பொருந்தும். வலப்பக்கம், இடப்பக்கம் என்று மேலே கண்ட கணக்கெல்லாம் சரிதான். ஆனால் வருகிற கப்பல் கால்வாயைவிட்டு நகர முடியாதது என்றால், ஃபெரி முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து அதைப் போகவிட வேண்டும். ஆழம் காரணமாக விலக இயலாத கப்பல், இரவில் ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று சிவப்பு விளக்குகளையும் பகலில் ஒரு கரிய உருளையையும் உயரத்தில் காட்டலாம்.

'பெரியவர்கள்தாம் சிறியவர்களுக்கு வழிவிட வேண்டும்' என்ற எண்ணம் படகோட்டிகள் சிலரிடம் இன்னும் இருக்கிறது. அது அன்பான எண்ணம்தான்; பௌதிகம் அதற்கு ஒத்துவருவதில்லை. முழு வேகத்தில் செல்லும் கப்பல் இயந்திரத்தைப் பின்னோக்கி முடுக்கி நிற்பதற்குள், தன் நீளத்தைப் போல் 15 மடங்கு தூரம்வரை போகலாம் என்று அனைத்துலகக் கடல்சார் அமைப்பின் தரநிலை வைத்திருக்கிறது. 200 மீட்டர் நீளமுள்ள கப்பலுக்கு அது 3 கிலோமீட்டர். ஏறக்குறைய நீரிணையின் அகலமே அவ்வளவுதான். துறைமுகத்துக்குள் கப்பல்கள் மெதுவாகச் செல்வதால் இந்தத் தூரம் குறையும். ஆனாலும் படகு நிற்பதுபோல் அவை நிற்கமாட்டா.

அதைவிடப் பெரிய சிக்கல் பார்வை. கொள்கலன்களை அடுக்கிய கப்பலின் சுக்கான் அறை பெரும்பாலும் பின்பகுதியில் இருக்கும். அங்கிருந்து பார்த்தால் கப்பலின் முன்முனைக்கு அருகே உள்ள நீர்ப்பரப்பு தெரியாது. இந்த மறைவு கப்பலின் நீளத்தைப் போல் இரு மடங்கையோ 500 மீட்டரையோ, எது குறைவோ அதைத் தாண்டக்கூடாது என்பது விதி. அதாவது, ஏறக்குறைய அரைக் கிலோமீட்டர்வரை ஒரு சிறு படகு மறைந்தே இருக்கலாம். கப்பலின் முன்னால் விரைந்து கடந்துவிடலாம் என்று நினைக்கும் படகோட்டிக்குக் கப்பல் மலைபோல் தெரிகிறது. மேலே நிற்பவருக்கு அந்தப் படகு இருப்பதே தெரியாது. கண்ணாடியிழைப் படகுகள் ராடார் திரையிலும் தெளிவாக விழுவதில்லை.

இரவில் இது இன்னும் மோசமாகும். 7 மீட்டருக்குக் குறைந்த, வேகம் குறைந்த படகுகளுக்கு எல்லாத் திசையிலும் தெரியும் ஒரு வெள்ளை விளக்கே போதும் என்று விதி சலுகை தருகிறது. ஆனால் ஜார்ஜ்டவுன் கரை ஒளிவெள்ளமாக இருக்கிறது. அடுக்குமாடி வீடுகள், கடலோரச் சாலை, வாகனங்கள் என்று ஆயிரம் வெள்ளை விளக்குகளுக்கு நடுவே ஒரு படகின் விளக்கைப் பிரித்தறிவது எளிதன்று. அனுபவமுள்ள மீனவர்கள் இதனால்தான் கப்பல் பாதையை நள்ளிரவில் கடக்கும்போது, கப்பல் போன பின்பே கடக்கிறார்கள்.

வாய்ப்பேச்சு எட்டாத தூரத்தில் ஊதல் பேசும். ஒரு குறுகிய ஒலி, 'நான் வலப்பக்கம் திரும்புகிறேன்'. இரண்டு, 'இடப்பக்கம் திரும்புகிறேன்'. மூன்று, 'இயந்திரத்தைப் பின்னோக்கி இயக்குகிறேன்'. விரைந்து ஐந்து முறை ஒலித்தால், 'நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள் என்று எனக்குப் புரியவில்லை' என்று பொருள். கடலில் கேட்கக்கூடிய மிகக் கவலையான ஒலி அதுதான்.

புகைமூட்டம் சூழ்ந்த நாள்களிலும், சுமத்திராப் பக்கமிருந்து திடீரென மழைக்காற்று அடித்து அக்கரை மறைந்துவிடும் வேளைகளிலும் மேற்சொன்ன கணக்குகள் பெரும்பாலும் ஓரம்போய்விடும். ஒருவரை ஒருவர் காண முடியாதபோது, 'நீ விலகு, நான் மாறாமல் வருகிறேன்' என்ற ஏற்பாடு செல்லாது. எல்லாருமே வேகத்தைக் குறைக்க வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு மேல் இடைவெளி விடாமல் நீண்ட ஊதல் ஒலி எழுப்ப வேண்டும். முன்பக்கத்தில் யாரோ ஒருவரின் ஊதல் கேட்டால், நிற்கும் அளவுக்கு மெதுவாகப் போக வேண்டும்.

மாலை ஐந்தரை மணி ஃபெரிக்குத் திரும்புவோம். வடக்கிலிருந்து வந்த கப்பல் ஆழமான கால்வாயைவிட்டு விலக முடியாதது என்பது சுக்கான் அறைக்குத் தெரிந்துவிட்டது. ஃபெரியின் இயந்திர ஒலி சற்றே தணிகிறது. கப்பல் நிதானமாக முன்னால் கடந்து பிறையை நோக்கிப் போகிறது. அது எழுப்பிய அலையில் ஃபெரி மெல்ல ஆடுகிறது. பயணிகளில் சிலர் மட்டும் நிமிர்ந்து பார்க்கிறார்கள். 'இன்றைக்கு ஏன் கொஞ்சம் மெதுவாகப் போகிறது?' என்று ஒருவர் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கிறார். பக்கத்தில் இருப்பவர் தோளைக் குலுக்குகிறார். ஃபெரி சுல்தான் அப்துல் ஹாலிம் படகுத்துறையை அடைகிறது. மோட்டார் சைக்கிள்கள் உறுமிக்கொண்டு இறங்குகின்றன.

இருட்டிய பின் அதே ஃபெரி ஜார்ஜ்டவுனுக்குத் திரும்புகிறது. வலப்பக்கத்தில் தொலைவில் ஒரு சிவப்பு விளக்கு தெரிகிறது. சுக்கான் அறையில் இருப்பவர் அதைத் திசைகாட்டியில் குறித்துக்கொண்டு, அது நகர்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்.